டீக்காரர் நுழைந்த கட்டங்கள்

காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் எங்கள் மூவருக்கும் வேறு வேறு ஊர், செய்தி அனுப்ப வேறு வேறு செயலி. அதனால் தகவல் எட்டாமல், போன வாரம் ஒரு வேலையே கைநழுவியதால், பொதுவாக ஒரே செயலியைத் தேர்ந்தெடுக்க வீடியோ அழைப்பில் கூடினோம். நான் ஓடும் ரயிலில் இருந்தேன். டீக்காரரிடம் ஒரு டீ வாங்கினேன். சற்று நேரத்தில் அவர் என் போன் திரையில், மற்ற இருவரில் தெரசாவின் கட்டத்துக்குள் நுழைந்தார். பிறகு முகைதீனின் கட்டத்துக்குள். அதே பச்சைத் துண்டு, அதே கேன்.

"அடப்பாவிகளா, எல்லாரும் இதே வண்டியா?" என்று நான் கத்தும்போதே சிக்னல் போய், இருவரும் வாய் திறந்தபடி உறைந்துபோனார்கள்.

சிரித்துக்கொண்டே டீக்காரர் திரும்பி வந்தார்.

"எஸ் ஃபோர் கோச்சு அக்கா போன்ல உங்க முகத்தக் காட்டி, 'பொதுவா இதையே வச்சுக்கலாமா'ன்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க சார்."

"எதை?"

"தெரியல சார். என்னைத்தான் கை காட்டுனாங்க."