இருவர் இழுக்க வேண்டிய கதவு

மாலை ஆறு ஐம்பத்திரண்டு.

ஏழு மணிக்குத் தேதியை அறிவிப்பார்கள்.

அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அமர்ந்தாள். திரையில், விளையாட்டுக்குள் இருக்கும் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் ஆள் கரையில் ஏற்கெனவே தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான். தன் ஆளைக் கொண்டுபோய் அவன் அருகில் உட்கார வைத்தாள்.

"லேட்டு," என்றான் கதிரேசன், கத்தாரிலிருந்து.

"உளுந்து ஊறப்போட்டுட்டு வரேன்டா. உனக்கென்ன, பார்சல் வாங்கித் தின்னுட்டு உக்காந்திருப்ப."

சனிக்கிழமைகளில் மீன் பிடிப்பார்கள். ஆட்டத்தில் மீன் போடும் பை நிறைந்து ஆறு வருடம் ஆகிறது. பிடித்த மீனை மறுபடி ஆற்றிலேயே விடுவார்கள்.

"ரெண்டு பேரும் பிடிச்ச மீனுக்கு ஒரு நாளாவது குழம்பு உண்டா?" என்று அவள் கணவன் கேட்பான்.

அந்த ஆட்டத்தில் செய்வதற்கு வேறு எதுவும் பாக்கி இல்லை.

கதவு மட்டும்.

ஆற்றின் முடிவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு சங்கிலிகள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். இழுத்தால் கதை முடியும். பெயர்கள் ஓடும். திரை கறுக்கும்.

ஒன்பது வருடங்களுக்கு முன், ஓசூர் வீட்டில், ஒரே சோபாவில் உட்கார்ந்து அந்தக் கதவு வரை வந்தார்கள். மறுநாள் காலை அவனுக்கு விமானம்.

இப்போது வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். அடுத்த வருடம் இரண்டாம் பாகம் வருகிறது. அது வரும் நாளில் இதை முடித்து, சூட்டோடு சூடாக அதைத் தொடங்கலாம்.

அடுத்த வருடம் அது வரவில்லை.

நான்கு முறை தேதி சொன்னார்கள். நான்கு முறை மன்னிப்புக் கேட்டார்கள். நான்கு முறையும் அவன் முன்பதிவு செய்தான், அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்தான். இரண்டாம் பாகத்தின் படம் போட்ட பனியன் வாங்கினான். அது சாயம் போய்விட்டது, இப்போது அதை வைத்து வண்டி துடைக்கிறான்.

அவள் நம்பியதே இல்லை.

"ட்ரைலர்ல எல்லாம் அழகாத்தான்டா இருக்கும். வாங்கிப் போட்டா ஒரே கோளாறு, ஆளு சுவத்துக்குள்ள நடப்பான். முதல் நாளே வாங்குறவன் முட்டாள்."

தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் அவன் இரண்டு சனிக்கிழமைகள் புலம்புவான். அவள் ஆறுதல் சொல்வாள்.

அந்த வாரங்களில் அவளுக்குச் சமையல் நன்றாக வரும்.

தொலைபேசியில் அவர்கள் பேச்சு இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. சாப்பிட்டாயா. அம்மா மாத்திரை போட்டாளா. சரி, வைக்கிறேன்.

ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் போதாது. நிச்சயம் செய்த கல்யாணம் நின்றதை அவன் இங்கேதான் சொன்னான். மார்பில் வந்தது வெறும் கொழுப்புக் கட்டிதான் என்று முடிவு வந்ததை அவள் இங்கேதான் சொன்னாள். மிதவையைப் பார்த்துக்கொண்டு சொல்வது எளிதாக இருந்தது.

ஆறு ஐம்பத்தொன்பது.

இருவரும் அவரவர் கைபேசியில் நேரலையைத் திறந்தார்கள். ஓரத்தில் பார்வையாளர்களின் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாகக் கோமாளி முகங்கள். நம்பி ஏமாந்தவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்வது.

"இந்தத் தடவையும் மன்னிப்புதான் கேப்பாங்க. பந்தயமா?"

"வாயக் கழுவுக்கா. உன் வாய்தான் ஒன்பது வருஷமா இழுக்குது."

ஏழு.

மழை. மலை. அதே ஆறு, இன்னும் அகலமாக. கரையோரம் ஒருவன் நடந்தான்.

அவள் இன்னொருவனைத் தேடினாள். பழைய ட்ரைலர்கள் எல்லாவற்றிலும் இரண்டு பேர் இருந்தார்கள்.

மலை ஏறும்போதும் ஒருவன்தான். பாலம் கடக்கும்போதும் ஒருவன்தான்.

பிறகு தேதி.

அக்டோபர் பதினேழு. வேலை முடிந்துவிட்டது, இனி தள்ளிப்போகாது என்று ஒரு குரல் சொன்னது.

கோமாளி முகங்கள் நின்றன. ஒரு கணம் எதுவுமே ஓடவில்லை. அப்புறம் வாணவேடிக்கை.

தேதிக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி.

ஒருவர் மட்டும் விளையாடலாம்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

கதிரேசன் பொடி எழுத்து படிக்கிறவன் இல்லை. இப்போது கத்துவான். ஹெட்செட்டின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டாள்.

அவன் கத்தவில்லை.

ஒலியைக் கூட்டினாள். அவன் அறையின் ஏசி இரைச்சல் கேட்டது. அவன் மூச்சு கேட்டது.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

ஆற்றங்கரையில் அவன் ஆள் எழுந்தான். கதவு இருக்கும் பக்கமாக நாலு எட்டு வைத்தான். நின்றான்.

அவளும் தன் ஆளை எழுப்பினாள். அவன் கதவுக்குப் போனால் அவளும் போக வேண்டும். அதுதான் பேச்சு.

அவன் திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தான். தூண்டிலை வீசினான். மிதவை முங்கி நிமிர்ந்தது.

அவளும் வீசினாள்.

இரண்டு மிதவைகளும் பக்கத்தில் பக்கத்தில் ஆடின. ஊறும் உளுந்தை ஆட்ட இன்னும் நேரம் இருந்தது.

"அக்கா."

"ம்."

"முதல் நாளே வாங்கினா ஆளு சுவத்துக்குள்ளதான் நடப்பான், இல்ல? ஒரு வருஷம் போகட்டுமா?"