துடைப்பத்தின் பின்னால் ஒருத்தர்

ஒரு லினக்ஸ் கணினியில் பழைய மென்பொருள்களை மாற்றிப் புதியவற்றை வைத்துக்கொண்டிருந்தபோது பாதியில் கரண்ட் போய்விட்டது. புதியவை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. பழையவை வெளியே போகவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

கரண்ட் வந்ததும், வேண்டாததைக் கூட்டித் தள்ளும் துடைப்பம் என்ற மென்பொருள் கிளம்பியது. "ஒரு வேலைக்கு ஒருத்தர்தான். பழசு வெளியே!" என்று கத்திக்கொண்டே பழைய கடிகாரத்தை வாசல்வரை தள்ளியது. அடுத்து, பழைய அச்சடிப்பானிடம் வந்தது.

"அண்ணே, ஒரு பக்கம்கூட நான் கோணலா அடிச்சதில்லை. என்னை விட்டுடுங்க," என்று கெஞ்சியது அச்சடிப்பான்.

"சட்டம்னா சட்டம்தான். உன் நெத்தியில மூணாம் பதிப்புன்னு நம்பர் இருக்கு. புதுசா வந்தவன் நாலு. மூட்டையைக் கட்டு."

அச்சடிப்பான் அழுதுகொண்டே மூட்டையைக் கட்டியது. கட்டும்போது தலையைத் தூக்கிப் பார்த்தது.

"போறேண்ணே. ஆமா, உங்க பின்னால உங்க ஜாடையிலயே ஒருத்தர் நிக்கிறாரே, யாரு?"

துடைப்பம் திரும்பியது. பளபளவென்று இன்னொரு துடைப்பம் நின்றது. அதன் நெற்றியில் நாலு.

"வணக்கம்ணே. நீங்க முடிச்சதும் உங்களைக் கூட்டலாம்னு காத்திருக்கேன்," என்றது அது பணிவாக.

பழைய துடைப்பம் தன் நெற்றியை அவசரமாக மறைத்துக்கொண்டது. பிறகு அச்சடிப்பானின் மூட்டையைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தது.

"அனுபவம் உள்ளவங்களை அப்படிச் சட்டுனு அனுப்பிட முடியுமா தம்பி? நீ உக்காரு," என்றது. வாசல் பக்கம் திரும்பி, "அடேய் கடிகாரம், நீயும் உள்ளே வாடா!" என்று கத்தியது.