உள்பக்கக் கைப்பிடி

அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவன் வெளியே நின்று கதவைச் சாத்தினான்.

டப்பென்று ஒரே அடியில் விழுந்தது.

அவன் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

இருக்காதா பின்னே. ஏலத்தில் எடுத்துக் கட்டி இழுத்து வந்த அன்று, அந்தப் பழைய போலீஸ் ஜீப்பைப் பார்த்துத் தெருவே சிரித்தது. போனட்டுக்குள் அணில் கூடு கட்டியிருந்தது. மணப்பாறையிலிருந்து திருச்சி வரை ஒரு காயலான் கடை விடாமல் ஏறி இறங்கினான். ரேடியேட்டர் எங்கோ மோதிய வேனுடையது. சீட்டுகள் மினி பஸ்ஸுடையவை. ஹாரன் எந்த வண்டியுடையதோ, அடித்தால் ஆடு கத்துவது போல் இருந்தது. அதையும் ஆசையாகத்தான் பூட்டினான்.

கூரையில் சுழல்விளக்கு இருந்த ஓட்டைகளில் இப்போது இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். அவனுடைய சவரி சவுண்ட் சர்வீஸுக்கு முதல் சொந்த வண்டி. இனி மைக் செட்டை வாடகை ஆட்டோவில் திணித்து, ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டாம்.

பெயின்ட் அடித்து அடித்துப் பார்த்தும், பக்கவாட்டில் ‘காவல்’ என்கிற எழுத்து மங்கலாக எட்டிப் பார்த்தது. முதல் ஓட்டத்தில், எதிரே ஹெல்மெட் இல்லாமல் வந்தவர்களெல்லாம் அவசரமாகச் சந்துக்குள் திரும்பினார்கள். அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

ஆனால் வண்டியில் ஏறவில்லை.

“உள்ளேருந்து திறக்க முடியாத வண்டியில நான் உக்கார மாட்டேன்.”

பின்கதவின் உள்பக்கம் கைப்பிடி இருந்த இடத்தில் தகடு வைத்து அடித்திருந்தார்கள். சாவியைக் கொடுத்த போலீஸ் டிரைவர் அன்றைக்கே காரணம் சொன்னார். எப்போதோ ஸ்டேஷனுக்கு ஏற்றி வந்த காதல் ஜோடி ஒன்று, ரயில்வே கேட்டில் வண்டி நின்ற நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டதாம். அன்றோடு கழற்றிப் போட்டார்களாம்.

அவர் ஸ்டேஷனுக்குப் புதியவர். எதிரில் நிற்பது அந்த ஜோடிதான் என்று அவருக்குத் தெரியாது.

அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவன் குனிந்து டயரைப் பார்த்தான்.

அந்த ஓட்டத்தைப் பற்றி அவன் பேசாத விருந்து கிடையாது. கேட் மூடியிருந்தது. ஏட்டையா டீ குடிக்க இறங்கினார். ஸ்டேஷனில் அவளுடைய அப்பா மயில்வாகனம் ஆட்களோடு காத்திருந்தார். அவன் சட்டென்று கதவைத் திறந்தான். அவளை இழுத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினான். பின்னாலேயே கூட்ஸ் வண்டி வந்து போலீஸை அந்தப் பக்கமே நிறுத்திவிட்டது.

மாமனார் மனம் இறங்கி, இதே தெருவுக்குக் குடிவந்த பிறகு அவரிடமும் இப்படியேதான் சொன்னான்.

“தைரியமான ஆளுதான் மாப்ள” என்றார் அவர்.

அந்த இடம் வரும்போதெல்லாம் அவளுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஏனென்றால், கதவைத் திறந்தது அவள்.

அவன் ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவள்தான் கைப்பிடியை இழுத்தாள். அவள்தான் அவன் சட்டையைப் பற்றி இறக்கினாள். ஒரு பட்டன் அவள் கையோடு வந்தது.

ஊருக்குத் தெரிய வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அவன் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும். அதற்குத்தான் இத்தனை காலமாக மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கைப்பிடி மட்டும் லேசில் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் மறுபக்கத்துக் கதவுக்கு உரியது. கடைசியில் துவரங்குறிச்சியில், ஒரு பால் வண்டியின் கதவிலிருந்து கழற்றி வந்தான். பளீரென்ற நீலம். காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டினான். தகட்டை வெட்டி எடுத்தான். உள்கம்பியை வளைத்துப் பார்த்தான். ஸ்பிரிங் தெறித்து ஓடவே, வாழைக்கன்றுகளுக்கு நடுவே தவழ்ந்து தேடினான். சாப்பிடக் கூப்பிட்டது காதிலேயே விழவில்லை.

இப்போது மாட்டியாயிற்று.

எந்த வேலை முடிந்தாலும் முதலில் தானே போட்டுப் பார்க்கிற ஆள் அவன். கல்யாண வீடோ கோயில் கொடையோ, முதல் ‘ஹலோ’ சொல்ல இன்னொருவரை விட்டதே இல்லை.

ஜன்னலில் போலீஸ்காரர்கள் அடித்த கம்பி வலை இன்னும் அப்படியே இருந்தது. அவன் அதன் வழியாகக் குனிந்து பார்த்தான். அவளை அல்ல, கைப்பிடியை.

“நீயே திற தெய்வான. அன்னைக்கும் நீதான திறந்த.”

சொல்லிவிட்டு, கீழே கிடந்த ஸ்பானரை ரொம்ப அக்கறையாகத் துடைத்தான்.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

கைப்பிடியில் கை வைத்தாள். இழுக்கவில்லை.

“சரியாக் கேக்கல.”

அவன் காதைச் சொறிந்தான். தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தான், அந்தக் கோடியைப் பார்த்தான்.

பிறகு முன்பக்கமாகப் போய் ஏறி, சாவியைத் திருப்பினான். டேஷ்போர்டில் மாட்டியிருந்த மைக்கை எடுத்தான்.

கூரையில் ஸ்பீக்கர்கள் கரகரத்தன. வேம்பிலிருந்து காக்கைகள் எழும்பின. நாலு வீடு தள்ளி மயில்வாகனம், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

“ஹலோ” என்றது வண்டி. “ஹலோ, ஹலோ.”

அவள் நீலக் கைப்பிடியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.