சுருட்டுக் கடா

"கண்டறியாத படம்! உந்தப் படத்தைக் கீறின கையை முறிக்க வேணும்!"

மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் நேசையா, ஐரிஸ் ரீச்சர் வகுப்பில் வாசித்துக் காட்டிய படப் புத்தகத்தை அவள் மேசையில் விட்டெறிந்தார். நூலால் தைத்த நாலு தாள். மஞ்சளும் அடுப்புக்கரியும் இலைச்சாறும் பூசிய படங்கள். அரிவரி வகுப்புச் சின்னப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கதை இதுதான். ஒரு கொழுத்த கடா தொட்டித் தவிட்டையெல்லாம் தானே தின்னும், கிட்ட வந்தவர்களை முட்டும். கடைசியில் ஒரு சின்ன மறியாடு, பெட்டைக் குட்டி, "இனி முட்டினால் நானும் முட்டுவேன்" என்று எதிர்த்து நிற்க, கடா வெலவெலத்து ஓடுகிறது.

இதற்கு ஏன் இந்தத் துள்ளல்? கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் துலாவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அந்தக் கடா சுருட்டுப் புகைக்கிறதே! ஞாயிறு தவறாமல் சேர்ச்சில் புகையிலையைத் திட்டித் தொண்டை கிழிகிற மனிதருக்குச் சுடாதா? தன் வீட்டுக் கிணற்றடிச் சங்கதி வெளியே எப்படிப் போனது?

நேசையாவின் வீரமெல்லாம் எளியவர்களிடம்தான். பள்ளிக்கூட மனேச்சர் துரையைக் கண்டால் தோள் சால்வை தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். தூ, இதுவும் ஒரு வீரம்!

"ஆர் உமக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, சேர்."

"நீர்தானே கீறினனீர்?"

ஐரிஸ் கொஞ்சம் யோசித்தாள். "ஓம் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ."

"திமிரைப் பார்! நாளைக்கே மனேச்சரிட்டைச் சொல்லி உம்மை வேலையாலை நிப்பாட்டிறன்."

தகப்பனில்லாத அந்தக் குடும்பத்துக்கு அவள் வேலைதான் சோறு. அது தெரிந்துதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்தும் வாய் ஓயவில்லை. மீன் துண்டுகளையெல்லாம் தன் சோற்றுக் கோப்பைக்கு இழுத்துக்கொண்டு, பரிமாறி நின்ற மனைவியிடம் பாய்ந்தார்.

"மனோன்மணி! சொதிக்கு உப்பில்லை, உனக்கு மூளையில்லை. உந்த ஐரிஸ் நாளையோடை துலைஞ்சாள். என்னை நக்கலடிக்க ஒரு பொம்பிளையோ? அவளின்ரை வீட்டிலை அடுப்பு எரியாமல் கிடக்கட்டும், அப்பத்தான் புத்தி வரும்!"

கலியாணம் கட்டிய நாள் தொட்டு அவருக்கு "ஓம்" என்பதைத் தவிர வேறு பதில் சொல்லியறியாத மனோன்மணி, அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு அவர் முகத்தை நேரே பார்த்தாள்.

"ஐரிஸ் பாவம், விடுங்கோ. நான் குடுத்த புத்தகத்தைத்தான் அவள் பிள்ளையளுக்கு வாசிச்சவள். உங்களைக் கீறினது நான்."