நாலே நிறம்

"ஒண்ணு ரெண்டு இல்லக்கா. எல்லாப் படமும் இப்படித்தான் வேணும்."

மணப்பெண் போனை நீட்டினாள். அந்தக் காலத்து சினிமா போஸ்டர் மாதிரி ஒரு படம். முகத்துக்கு ஒரு நிறம், நிழலுக்கு ஒரு நிறம், பட்டை பட்டையாக.

ஸ்டூடியோக்காரரின் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் எடுப்பது அவர். கம்ப்யூட்டரில் மெருகேற்றுவது இவள்.

"ஏம்மா, கல்யாண ஆல்பம் இது! மனுஷன் அன்னிக்குக் காலையிலேர்ந்து முட்டி தேய மண்டி போட்டு எடுத்திருக்கார். அதைப் போய் தீப்பெட்டிப் படமா மாத்தச் சொல்றியே?"

"எனக்கு இதான் பிடிச்சிருக்கு."

"மாப்பிள்ளைக்கு?"

"பிடிக்க வச்சாச்சு."

உள்ளறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. "கேக்கறதைக் குடுத்துடு. நான் இன்னிக்கும் ஃபோகஸைக் கேமராகிட்ட விடாம, கையாலதான் திருப்பறேன். இந்தக் காலத்துல யாருக்குத் தெரியுது அந்த அருமை?"

மணப்பெண் கிளம்பினாள்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!" என்று முணுமுணுத்தபடி இவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

வேலை என்னவோ சுலபம். நிறங்களை நாலாகக் குறைக்கிற படிகளை வேறொரு படத்தில் முன்பே செய்து பதிந்து வைத்திருந்தாள். மொத்த ஃபோல்டரையும் அதற்குள் தள்ளிவிட்டால் போதும். ஒவ்வொன்றாகத் திறக்கக்கூட வேண்டாம். நகத்தளவு படங்கள் திரையில் வரிசையாக நிறம் மாறிக்கொண்டே போயின.

மனசு கேட்கவில்லை. ஒன்றையாவது காப்பாற்றிக் கடை வாசலில் பெரிதாக மாட்டலாமென்று, மாற்றாத படம் ஒன்றைத் திறந்தாள்.

மணப்பெண்ணின் முகம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது. பின்சுவரில் அடித்திருந்த ஆணி மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்ததைத் திறந்தாள். அப்புறம் அதற்கடுத்தது. எல்லாம் அதே கதி.

நிறம் மாற்றியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நாலு நிறத்துக்குள் மங்கல் இருந்த இடமே தெரியவில்லை.

கணவர் பின்னால் வந்து நின்றார். மங்கிக்கிடந்த படத்தைக் குனிந்து பார்த்தார்.

"பாத்தியா, எவ்வளவு துல்லியமா விழுந்திருக்கு! இதையா கெடுக்கச் சொல்றா அந்தப் பொண்ணு?"

அவள் அந்தப் படத்தை மூடினாள். "ஆமாங்க" என்றாள். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மணப்பெண்ணைக் கூப்பிட்டாள்.

"பாத்துட்டீங்களாக்கா?" எதிர்முனைக் குரல் இறங்கியது. "மண்டபத்துல அண்ணன் கேமராவுலயே காட்டினப்ப எனக்குத் தெரிஞ்சுடுச்சு. முதல்ல அவரைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. என் படத்தாலதான் தெரிஞ்சுதுன்னு மட்டும் அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

"திருப்பி எடுக்க முடியாத படமாச்சேம்மா... நேரா வந்து சண்டை போட்டிருக்கலாமே?"

"எங்கப்பா தையல்காரர்க்கா. ஒரு சட்டை கோணலாப் போச்சுன்னு, 'கண்ணு அவிஞ்சா போச்சு?'ன்னு நாலு பேர் முன்னால ஒருத்தர் கேட்டுட்டார். ஆபரேஷன் பண்ணிக் கண்ணு சரியாயிடுச்சு. அப்பா மட்டும் திரும்ப மெஷின்ல உக்காரவே இல்ல."