இரைச்சல் நீக்கம்

லிப்ட் மெக்கானிக்குக்குத் திடீரென்று இசையமைக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. படுக்கையறை மூலையில் கம்ப்யூட்டர், மைக், ஹெட்போன் எல்லாம் வந்து இறங்கின. பாடப்போவது மனைவிதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவள் குரலுக்கு மயங்கிக் கட்டிக்கொண்ட மனிதர்.

பாடம் சொல்லித்தந்த வீடியோ, முதலில் காலி அறையின் சத்தத்தைப் பதிவுசெய்யச் சொன்னது. இதுதான் இரைச்சல் என்று கம்ப்யூட்டருக்கு ஒருமுறை காட்டிவிட்டால், அப்புறம் எதிலிருந்தும் அதைத் துடைத்துவிடுமாம். அவர் பதிவுசெய்தபோது பக்கத்து அறையில் மனைவி துணி மடித்தபடி அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். பழகிப்போன சத்தம். அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அவள் பாடியதை இரைச்சல் நீக்கிப் போட்டுப் பார்த்தால் தாளம் மட்டும் ஓடியது. எல்லாவற்றையும் அழித்தார். கம்ப்யூட்டரை அணைத்தார். ஹெட்போனைக் கழற்றினார். குளியலறைக் குழாய் சொட்டுவது துல்லியமாகக் கேட்டது. எதிரே மனைவியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

விடுமுறைக்கு வந்திருந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, பாட்டு எப்படி வந்திருக்குன்னு அம்மா எவ்வளவு நேரமா கேக்குறாங்க."

"நல்லா வந்திருக்குன்னு சொல்லும்மா."

"எதிர்லதானே நிக்கிறாங்க, நீங்களே சொல்லுங்க. காரியச் செவிடுன்னு திட்டுறாங்க பாருங்க."

அவரே சொன்னார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் மகளின் முகம் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருகிறார். மனைவி ஏதோ சொல்கிறாள். மகள் சிரித்ததும் அவரும் சிரிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் தன் வீட்டுக்குக் கிளம்புகிறாள்.