உப்புப் பார்க்காத மீன்

வியட்நாமின் ஹுவே நகரில் தோவா நடத்தும் வீட்டுச் சமையல் வகுப்புக்கு அன்று வந்தது ஹனோய்க்காரி மியென் ஒருத்திதான். மண்சட்டியில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது.

"உப்புப் பாரு தங்கச்சி" என்றாள் தோவா.

"சரியா இருக்கும்க்கா."

"நாக்குல வைக்காம எப்படித் தெரியும்?"

மியென் சிரித்து மழுப்பினாள். தோவாவுக்குச் சுருக்கென்றது. மீனை அரிந்த விதமும், சர்க்கரையைக் கருகவிடாமல் காய்ச்சிய பக்குவமும் படிக்க வந்தவளுடையதாக இல்லை.

"எல்லாம் தெரிஞ்சவ எதுக்கு வந்தே? குத்தம் கண்டுபிடிக்கவா?" என்றபடி தோவாவே ஒரு கரண்டி குழம்பை எடுத்து ஊதிக் குடித்தாள். உப்பு கச்சிதமாக இருந்தது.

மியென் முகம் வாடிவிட்டது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. இன்னைக்கு எங்கம்மா திதி. ஆபீஸ் வேலையா வந்த ஊர்ல வந்துடுச்சு. ஹோட்டல்ல அடுப்பு கிடையாது. அதான் உங்க வகுப்புல சேர்ந்தேன்."

தோவா கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். படைக்கும் முன் வாய் வைக்கக் கூடாதென்று அவளுக்குத் தெரியாதா என்ன?

சட்டியை இறக்கி ஓரமாக வைத்தாள்.

"இது நாம சாப்பிட. மீன் இன்னும் ரெண்டு இருக்கு" என்று வேறு சட்டியை அடுப்பில் ஏற்றினாள். "அம்மாவுக்கு மிளகு தூக்கலா வேணுமா, மட்டா வேணுமா?"

"தூக்கலா."

"அப்ப நீயே போடு. முதல்ல இந்தக் கரண்டிய என் கைக்கு எட்டாம வை."